பன்வில ஏற்றத்தில் மாட்டிக்கொண்ட என் பூட்டு

போன வருடம் தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். நான் மட்டக்களப்பில் இருந்தேன். மனைவியின் தங்கை புது வீடு கட்டிக் குடிபோகிறார் என்று குடும்பத்தோடு போயிருந்தோம். ஆனால் சம்பவம் நடந்தது அங்கே அல்ல. கண்டியிலிருந்து மேலே போனால் வரும் பன்வில டவுனையும் தாண்டி, ஒரு தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில், காலை ஏழு மணிக்கு நடந்தது. நான் பக்கத்திலேயே இல்லாத ஒரு சம்பவம்தான் என் வாழ்க்கையில் மறக்கவே முடியாததாக ஆகிவிட்டது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எனக்கு ஒரு சின்ன கராஜ் இருக்கிறது. கராஜ் என்றதும் கையெல்லாம் கிரீஸ் என்று நினைக்க வேண்டாம். என் கையில் எப்போதும் லெப்டொப்தான் இருக்கும். இப்போதைய வண்டிகளின் எஞ்சினை ஒரு சின்னக் கம்பியூட்டர்தான் நடத்துகிறது. எவ்வளவு டீசல் எண்ணெய் விடவேண்டும், எவ்வளவு காற்றை அழுத்தவேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள்ளே இருக்கும். கம்பெனி எழுதிய அந்தக் கணக்கை, வண்டிக்கும் அது ஓடும் ரோட்டுக்கும் தகுந்த மாதிரி மாற்றி எழுதுவதுதான் டியூனிங். இந்த வேலையில் கண்டியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் சொல்வதில்லை. வண்டி கொண்டுவருகிறவர்கள் சொல்வார்கள், நான் மறுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வகை வண்டிக்கு நல்ல கணக்கு ஒன்றை எழுதி முடிக்க மூன்று நான்கு நாள் போகும். எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, திரும்ப எழுதுவது. சில வருடங்களுக்கு முன் அப்படி மண்டையை உடைத்து ஒரு வேனுக்கு எழுதினேன். இரண்டு கிழமைக்குள் வேறொரு வேன் என்னிடம் சின்ன வேலைக்கு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே என் கணக்கு, ஓர் எண்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. யாரோ முதல் வேனிலிருந்து உருவி எடுத்து இதில் இறக்கியிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று முதல் என் கையால் டியூன் செய்த எந்த வண்டியையும் பூட்டாமல் வெளியே அனுப்புவதில்லை. பூட்டு என்றால் எஞ்சின் கம்பியூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட். அது தெரியாதவர்கள் உள்ளே இருப்பதைப் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

திருடியது யார் என்பதையும் நானே தீர்மானித்துவிட்டேன். மடவளையில் ஒரு நானா இருக்கிறார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் லெப்டொப் வைத்து இதே வேலை செய்கிறவர். அந்த இரண்டாவது வேன் மடவளை வேன். இதற்குமேல் சாட்சி எதற்கு? அதற்குப் பிறகு டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் சலாம் சொன்னாலும் எனக்குக் காது கேட்காது. நாலு பேரிடம் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லவுமில்லை.

இன்னொரு விஷயத்தையும் வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். வண்டிக்கு ஒன்று என்று வைத்தால் எழுதி வைக்கவேண்டும், எழுதினால் யாராவது பார்ப்பார்கள் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தேன். வைத்திருந்தது என் மோட்டார் சைக்கிளின் நம்பரை. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்த காலம் அது.

இனி அந்த வேனுக்கு வருகிறேன். பன்வில தோட்டத்துத் தம்பி ஒருவருடையது. டீசல் வேன், வாடகைக்கு ஹயர் ஓடுகிறார். ஆட்களை ஏற்றினால் மலையில் மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். நான் டர்போவின் காற்றைக் கூட்டி, எண்ணெயைச் சரிப்படுத்தி, கீழே ஆற்றங்கரையோரத்து ரோட்டில் நாலு தரம் பறக்க விட்டுப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. தம்பிக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிடச் சந்தோஷம். வழக்கம்போல் பூட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. ஹயர் எல்லாம் பெரிய ரோட்டில்தான்; தோட்டத்து வீட்டு வரிசையான லயத்திலிருந்து ஏறும் ஏற்றத்தில் வெறும் வண்டியாகத்தான் போயிருக்கிறது.

தம்பிக்கு ஒரு அக்கா. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் மழையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருந்தார். கண்டி பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். முதல் திகதியில் நெஞ்சுச்சளி வந்து காய்ச்சலாகி, செய்யமுடியாமல் போய்விட்டது. இது இரண்டாவது திகதி. அன்றைக்குக் காலை ஒன்பதரைக்குள் வார்டில் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதுவரைக்கும் அந்த மனுஷி அசைய முடியாமல் கிடக்கவேண்டும். தம்பி வேனின் பின் சீட்டுகளைக் கழற்றி, மெத்தை போட்டு, ஆறு பேர் சேர்ந்து அக்காவை அலுங்காமல் தூக்கிக் கிடத்தவே முக்கால் மணி நேரம் ஆனதாம்.

காலை ஏழு மணிக்குத் தம்பி எனக்குப் போன் எடுத்தார். இங்கே புது வீட்டில் பால் காய்ச்ச ஆயத்தம் நடக்கிறது.

"அண்ணே, லயத்துல இருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுற ஏத்தத்துல நிக்கிறோம். மஞ்ச லைட்டு எரியுது. எவ்வளவு மிதிச்சாலும் இழுக்க மாட்டேங்குது."

எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே ஏதோ கணக்குத் தப்பினால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். வெறும் வண்டியானால் ஊர்ந்து போகலாம், அக்காவை அசையாமல் பிடித்திருக்கிற ஆறு பேரையும் வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் முடியாது. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஏறி, பாதியில் மறுபடியும் அதே கதை. வேறு வண்டி சொல்லிவிடச் சொன்னேன். அந்தத் தோட்டத்து ரோட்டுக்கு ஒரு வேன் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும், வந்தாலும் அக்காவைத் திரும்பவும் தூக்கி மாற்றவேண்டும். திரீவீலில் படுக்கவைக்க முடியாது. நானோ நாலைந்து மணி நேரத் தூரத்தில் நிற்கிறேன். லெப்டொப் கட்டுகஸ்தோட்டையில் பூட்டிக் கிடக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் தம்பியின் நம்பரிலிருந்தே மறுபடி போன். பேசியது வேறு குரல்.

"தம்பி, நான் மடவளையிலேந்து வந்தீக்கிறன். ஒங்கட வேன் கிட்டத்தான் நிக்கிறன்."

தம்பி என்னிடம் சொல்லாமலே அவரைக் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் இந்த வேலை தெரிந்தவர் அவர்தானே. நானாவும் லெப்டொப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துவிட்டார். பழுதுக் குறியை இரண்டு தரம் அழித்து ஓட்டிப் பார்த்தாராம். அந்த உயரத்தில், அந்தச் சுமையோடு, டர்போவின் காற்று நான் எழுதிய அளவை எட்டவில்லை. எட்டாததைக் கண்டு எஞ்சின் பயந்து சுருண்டுகொள்கிறது. அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் வண்டி ஏறிவிடும். ஆனால் எழுதுவதற்கு உள்ளே போகவேண்டும்.

"பூட்டீக்கிது. தொறக்கோணும். ஒங்கள்ட்ட கேக்காம தொறக்க ஏலா. என்ன செய்ற, சொல்லுங்க."

அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு பெண் முனகுவது கேட்டது. எனக்குத் தெளிவாகவே கேட்டது.

அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை இப்போது எழுதவும் கை கூசுகிறது. "ஹலோ, ஹலோ, கேக்கல, லைன் சரியில்ல" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு வேலியோரம் நின்றேன். பாஸ்வேர்டைச் சொன்னால் இந்த ஒரு வேன் மட்டும் திறக்காது. இத்தனை வருடம் நான் இரவு பகலாக எழுதிய எல்லா வண்டியும் திறந்துவிடும். அதுவும் யாருக்கு? எந்த மனுஷனுக்குப் பயந்து பூட்டினேனோ அவருக்கே. அக்கா முனகியது காதில் இருக்கிறது, ஆனால் மூளை முதலில் என் பூட்டைத்தான் நினைத்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தேன். மண் மூட்டையைப்போல் அக்காவை இறக்கி ஏற்றுவதற்குக்கூட மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

பால் பொங்கப்போகிறது என்று கூப்பிட வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். என் தொழில் ரகசியம், பல வருட உழைப்பு என்றெல்லாம் நீட்டி முழக்கித்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"வீட்டுச் சாவி தொலைஞ்சா பூட்ட மாத்த மாட்டீங்களா? அந்தம்மா அங்க உசுரக் கையில பிடிச்சிக்கிட்டுக் கெடக்கு. நம்பரச் சொல்லிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விட்டார். இவ்வளவு சின்ன விஷயம் என் பெரிய மூளைக்கு எட்டவில்லை. திருப்பிப் போன் எடுத்தேன். நேரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிடம் போயிருந்தது. நானாதான் எடுத்தார். பேப்பரும் பேனையும் எடுங்கள், பாஸ்வேர்டைச் சொல்கிறேன் என்றேன். குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்திருக்கும்.

"நம்பர் தேவல்ல தம்பி. அது எனக்குத் தெரியும். தொறக்கட்டாண்டுதான் கேட்டன்."

கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"தொறங்க நானா," என்று மட்டும் சொன்னேன். அவரை நான் நானா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வேன் ஏற்றத்தை ஏறிவிட்டது. வழியில் வத்தேகமவில் இருந்து தம்பி ஒரு தரம் பேசினார். நானா மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருகிறார் என்றார். ஒன்பதேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பேசினார். அக்கா வார்டில் சேர்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் பால் பொங்கிய வாசமே மூக்கில் ஏறியது.

கண்டிக்குத் திரும்பிய மறுநாள், மட்டக்களப்பில் வாங்கிய கட்டித் தயிர்ச் சட்டி ஒன்றோடு மடவளைக்குப் போனேன். நானா கராஜில் ஒரு காரின் அடியில் கிடந்தார். எழும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் தினமும் வந்துபோகிறவன் மாதிரி கதிரையை இழுத்துப் போட்டார். டீ வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன், பாஸ்வேர்ட் எப்படித் தெரியும் என்று.

அவர் சிரித்தார். இரண்டு வருடத்துக்கு முன் நான் டியூன் செய்த வேன் ஒன்று அவரிடம் வேறு வேலைக்கு வந்திருக்கிறது. பூட்டு இருப்பதைக் கண்டு, என்ன வைத்திருப்பேன் என்று விளையாட்டாக அடித்துப் பார்த்தாராம். முதலில் கராஜ் போன் நம்பர், திறக்கவில்லை. அடுத்தது என் மோட்டார் சைக்கிள் நம்பர்.

"கட்டுகஸ்தோட்டைக்கிப் போற வார நேரமெல்லாம் ஒங்கட பைக்கு வாசல்ல ரோட்டப் பாத்துத்தானே நிக்கிது. கண்டிப் பஸ்ஸில போற எல்லாருக்கும் அந்த நம்பர் பாடம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. திறந்ததை அப்படியே மூடிவிட்டாராம், ஒரு கணக்கையும் எடுக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சலாம் சொன்னாலே முகத்தைத் திருப்புகிறவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். முன்பு யார் திருடியது என்பது அவருக்கும் தெரியாது. அதை நான் அவர் தலையில் கட்டியிருந்தது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"நம்பர் தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் எனக்காகக் காத்திருந்தீங்க?"

"வீட்டுக்காரன் வெளியூர்ல ஈக்கிற நேரம், சாவி தெரியுமிண்டு உள்ளுக்குப் போறதா? இன்னம் அஞ்சி நிமிசம் பாத்துட்டு எப்பிடியும் தொறந்திருப்பன். அந்தப் பொம்பளட வலிய பாத்துட்டு நிக்க ஏலா. பொறகு ஒங்கள்ட்ட ஏச்சு வாங்கீருப்பன்."

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டீயை முடித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தார். என் வேலை நல்ல வேலை என்றார், ஆனால் ஆற்றங்கரையில் ஓட்டிப் பார்த்து மலைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். பாஸ்வேர்ட் விஷயத்தைவிட இதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். மேலே போகப்போகக் காற்று மெலியும் என்பதை, காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏறும்போதே என் நெஞ்சு படித்திருக்கிறது. டவுனில் கராஜ் போட்ட பிறகு அதை மறந்துபோனேன். குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, முன்பு டியூன் செய்த வண்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினேன். இப்போது வண்டிக்கு ஒரு பாஸ்வேர்ட். கவரில் போட்டு ஒட்டி, சொந்தக்காரர் கையில் கொடுத்து, வண்டிப் புத்தகத்தோடு வைக்கச் சொல்கிறேன். வண்டி அவருடையது, ஆபத்து நேரத்தில் யாரிடம் திறந்து காட்டுவது என்பதும் அவர் இஷ்டம். மலைக்குப் போகும் வண்டியை மலையில் ஏற்றிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. சில நாள் நானாவும் கூட வந்து பின் சீட்டில் உட்கார்ந்து ஏற்றத்தில் காதைத் தீட்டிக்கொண்டு வருவார். என் வேலை இப்போது முன்னைவிட நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்து, அக்காவைப் பார்க்கப் பன்வில பக்கம் போனேன். கைத்தடி ஊன்றி வாசல் வரைக்கும் அவரே நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காரவைத்து, ரொட்டி சுட்டு, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக அன்றைய நாளைப் பற்றியும் சொன்னார். வேனுக்குள் கிடந்தபோது ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரம் மாதிரி இருந்ததாம். சாமியைக் கும்பிட்டுக்கொண்டே கிடந்தாராம். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்.

"லைன் கெடைக்காம நீங்க அங்க எவ்வளவு தவிச்சிருப்பீங்கன்னு நானா சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்த சிக்னலுக்கு நீங்க என்ன செய்வீங்க தம்பி, பாவம்."

நானாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் ஹலோ ஹலோ என்று கத்தியது அவர் காதில் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். வலியில் கிடந்தவரிடமும் பயந்துபோயிருந்த தம்பியிடமும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், என் பொய்யை அப்படியே எனக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார். மடவளையில் எத்தனையோ தரம் டீ குடித்திருக்கிறோம், ஒரு நாளும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. அக்காவின் முன்னாலும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தேன்.

மட்டக்களப்பில் அன்று சிக்னல் நன்றாகவே இருந்தது அக்கா. இதை நீங்கள் படித்தால், அந்தப் பதினொரு நிமிடமும் என்னால் போனவை என்று தெரிந்துகொள்ளுங்கள். தொழிலில் இன்றும் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனால் போனில் யாரிடமாவது கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், வலியோடு காத்துக் கிடந்த ஒருவர் எனக்காகப் பரிதாபப்பட்டது நினைவுக்கு வந்து என் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது.